பிள்ளையாரைச் சுற்றிய ஆஸ்திரேலியர்

பெண் கேட்டுப் போகிறவன் தன்னுடைய அருமை பெருமைகளை எடுத்துச் சொல்லலாம். தப்பில்லை. சொந்தமாக அருமை பெருமை எதுவும் இல்லாதவன் பேசாமல் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வர வேண்டும். அடுத்தவருடைய பெருமையை இரவல் வாங்கிக்கொண்டு போகவே கூடாது. இந்தப் பேருண்மையை எனக்கு யாரும் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. சேலையூரில் ஒரு பிள்ளையார் கோவில் வாசலில், செம்மண் புழுதிக்கு நடுவே, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நானாகவே கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒரு டயர் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்தேன். டயர் செய்வது என் வேலையில்லை, விற்பதும் இல்லை. 'கொட்டும் மழையிலும் வழுக்காது' என்பது மாதிரி நான்கு வார்த்தை எழுதிக் கொடுப்பதுதான் வேலை. (எங்கள் வீட்டு வாசலிலேயே நான் இரண்டு முறை மழையில் வழுக்கி விழுந்தவன். அது கம்பெனிக்குத் தெரியாது.)

அம்மா வழியில் தூரத்து உறவான ஏகாம்பரம் மாமாவின் பெண் கோமதியை எனக்குப் பார்த்திருந்தார்கள். ஏகாம்பரம் மாமா பூர்வீக சேலையூர்க்காரர். அவருடைய அப்பா ஏர் ஓட்டிய நிலத்தையெல்லாம் இவர் மனையாகப் பிரித்து விற்றார். விற்ற பணத்தில் நான்கு லாரி வாங்கினார். கேம்ப் ரோடில் அவர் நடந்து போனால் பாதிப் பேர் வணக்கம் வைப்பார்கள், மீதிப் பேர் பட்டா எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள்.

பெண் பார்க்கப் போன அன்று கோமதி காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்தேன். அது அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய காபி. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அவள் அம்மா, பையனுக்கு ரொம்ப இளகின மனசு என்று நினைத்துவிட்டார். கோமதிக்கு மட்டும் விஷயம் புரிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு டம்ளர் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க நான் தயாராக இருந்தேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த வெந்த நாக்கோடு முடிவு செய்தேன்.

முடிவு செய்ய வேண்டியவர் நானில்லை என்பதுதான் பிரச்சினை. ஏகாம்பரம் மாமாவுக்கு என் உத்தியோகம் பிடிபடவே இல்லை. டயரை விற்காமல், ஓட்டாமல், அதைப் பற்றி எழுதுவதற்கு ஒருத்தனுக்கு எதற்குச் சம்பளம் என்று அப்பாவிடம் கேட்டார். குரோம்பேட்டையில் ஒரு பேங்க் ஆபீசர் வரன் இருப்பதாகவும், யோசித்துச் சொல்வதாகவும் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் டக்ளஸ் வந்து சேர்ந்தார்.

டக்ளஸ் ஓர் ஆஸ்திரேலியர். எல்லோரும் டக் என்று கூப்பிடுவார்கள். கார் பந்தய வீரர். அதிலும் நாலு நிமிஷத்தில் முடிந்துபோகிற பந்தயம் இல்லை. விடிய விடிய, மறுநாள் அதே நேரம் வரைக்கும், இருபத்துநான்கு மணி நேரம் நிற்காமல் ஓடுகிற பந்தயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்திருந்த பந்தய மைதானத்தில் எங்கள் டயரை மாட்டி ஓட்டிக் காட்டுவதற்காகக் கம்பெனி அவரை வரவழைத்திருந்தது. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று மேனேஜர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். ஒரு வாரத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு அலையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டக் ஐம்பதைத் தொட்டவர். வெயிலில் வதங்கிய சிவந்த முகம், சாதுவான மனிதர். ஆட்டுப் பண்ணையில் பிறந்து, கால் எட்டாத வயதிலேயே அப்பாவின் லாரியை ஓட்டியவர். பிறகு ஒரு மெக்கானிக் ஷாப் வைத்து, அதையும் விற்று, ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறார். அந்தப் பந்தயங்களில் ஒரு காரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்களாம். இவர் எப்போதும் மூன்றாவது ஆள். முதல் ஆள் பந்தயத்தை ஆரம்பித்து வைப்பார், அவரைப் படம் எடுப்பார்கள். இரண்டாமவர் முடித்து வைப்பார், அவருக்கு மாலை போடுவார்கள். நடுவில் மழை, பனி, மூடுபனி, யாருக்கும் வேண்டாத நேரம் எல்லாம் இவருக்கு. ஒரே ஒரு தடவை இவர்கள் வண்டி இரண்டாவதாக வந்திருக்கிறது. அந்தப் படத்திலும் இவர் இல்லை. அப்போது தூங்கிவிட்டாராம்.

இதையெல்லாம் அவர் வருத்தமில்லாமல் சொன்னார். அவர் ஆங்கிலம் மூக்கில் புறப்பட்டுத் தொண்டைக்குள் போய்விடும். எனக்குப் பாதிதான் விளங்கும். மீதிப் பாதிக்குச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவேன். (வெளிநாட்டுக்காரரிடம் 'புரியவில்லை' என்று சொல்வது கௌரவக் குறைச்சல் என்பது அப்போது என் கொள்கை. இந்தக் கொள்கையால் என்ன ஆயிற்று என்பதுதான் மீதிக் கதை.)

ஒரு சாயங்காலம், டக் காரோடு நிற்கிற வண்ணப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் மாமா வீட்டுக்குப் போனேன். நான் பழகுகிற மனிதர்கள் எந்தத் தரம் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? படத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

“இவரு இன்னா பண்றாரு?”

“இருபத்துநாலு மணி நேரம் கார் ஓட்டுவாரு மாமா. மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க.”

“நம்ம பக்கிரியும் அத்தத்தான் பண்றான். நாக்பூர் லோடுக்குப் போறச்சே ரெண்டு நாளு ஓட்டுவான், ஒண்டியா. சரி, இருவத்திநாலு மணி நேரம் ஓட்டி கடைசில எங்க போயி சேருவாரு?”

நான் கொஞ்சம் தயங்கினேன். “கிளம்பின எடத்துக்கே வந்துடுவாரு மாமா.”

அவர் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “அதுக்குக் கெளம்பாமயே இருந்துருக்கலாமே?”

அத்தோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பேங்க் ஆபீசரும் கோமதியும் குரோம்பேட்டையில் சுகமாக இருந்திருப்பார்கள். ஆனால் அப்போது மாமா, அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய புதுக் காருக்குப் பூஜை போடப்போவதாகச் சொன்னார். அவர் வாங்கிய முதல் கார். பூஜை முடிந்ததும் முதலில் வண்டியை எடுக்க ராசியான கையாக ஒன்று வேண்டும். அவருடைய பங்காளி வீட்டுக் காருக்கு ஒரு எம்.எல்.ஏ. வந்து சாவி போட்டிருந்தார். அதை மாமாவால் இரண்டு வருஷமாக ஜீரணிக்க முடியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். எம்.எல்.ஏ. தாம்பரத்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது, டக்கை உலகத்துக்கே தெரியும் என்றேன். (டக்கை டக் வீட்டுத் தெருவிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்.) வெள்ளைக்கார ரேஸ் டிரைவர் வந்து முதல் சாவி போட்ட கார் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் மூன்றிலும் சேர்த்து ஒன்றுகூட இல்லை என்றேன். மாமாவின் முகம் மலர்ந்தது. பங்காளியின் முகம் எப்படிப் போகும் என்று மனதுக்குள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

“இட்டாந்துடு தம்பி. நல்லபடியா நடந்துச்சுன்னா அங்கியே, அப்பவே தட்டு மாத்திக்கலாம். அப்பா அம்மாவயும் வரச்சொல்லிடு.”

ஆக, என் கல்யாணம் அந்தக் காரின் நான்கு சக்கரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பூஜை நடந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமா புதிதாகப் போட்டிருந்த மனைப் பிரிவு அது. அவர் பெயரையே வைத்திருந்தார். நகர் என்று பலகை இருந்தது, வீடு ஒன்றுகூட இல்லை. நட்ட கற்களும் வேலிகாத்தான் முட்புதரும்தான். நட்ட நடுவில் அவரே கட்டிய சின்னப் பிள்ளையார் கோவில். அதைச் சுற்றிச் சதுரமாக, அகலமான செம்மண் சாலை. வண்டிப் பூஜை முடிந்ததும் காரிலேயே பிள்ளையாரை மூன்று சுற்றுச் சுற்றி வந்து வாசலில் நிறுத்த வேண்டும், மாமி ஆரத்தி எடுப்பார், அவ்வளவுதான். ஐந்து நிமிஷ வேலை.

டக் சரியான நேரத்துக்கு வந்தார். ஊரே திரண்டிருந்தது. மாமா அவருக்குப் பெரிய ரோஜா மாலை போட்டார். குருக்கள் நெற்றி நிறைய விபூதி பூசினார். டக்குக்கு ஒரே ஆச்சரியம். பிறகு தொழில் புத்தியோடு குனிந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தவர், நான்கு டயருக்கு முன்னாலும் யாரோ எலுமிச்சம்பழத்தைத் தவறவிட்டிருப்பதைக் கண்டு, பொறுப்பாக நான்கையும் பொறுக்கிக்கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தார். குருக்கள் மறுபடி வைத்தார். டக் மறுபடி பொறுக்கப் போனார். நான் ஓடிப்போய், அதன்மேல் ஏற்றித்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். டயருக்கு நல்லதா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

நான் அன்று பட்டு வேஷ்டி, பட்டுச் சட்டை. அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்திருந்தார்கள். கோமதி அரக்குப் புடவையில் கோவில் படியில் உட்கார்ந்திருந்தாள். மாமா வண்டியில் முன் இருக்கையில் ஏறினார். டக் தன் கையாலேயே சீட் பெல்ட்டை எடுத்து மாமாவுக்கு மாட்டி, பந்தயத்தில் இழுக்கிற மாதிரி இறுக்கி இழுத்தார். மாமா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்.

கோவிலைச் சுற்றி வர வேண்டும் என்று டக்கிடம் சொன்னேன். எத்தனை சுற்று என்று கேட்டார். மூன்று என்று விரலைக் காட்டினேன். அப்போது அவர் ஜன்னல் வழியாக ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது கடைசியில் வந்த 'ஓகே?' மட்டும்தான். கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கத்தைவிட ஸ்டைலாகத் தலையை ஆட்டினேன்.

எலுமிச்சம்பழம் நான்கும் ஒரே சத்தத்தில் நசுங்கின. முதல் சுற்றை டக் பூப்போல ஓட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள். மாமா ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே போனார். பங்காளியைக் கடக்கும்போது கொஞ்சம் அதிகமாகக் கும்பிட்டார். இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது. மூன்றாவது சுற்றில் வண்டி திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் செம்மண் பனைமர உயரத்துக்கு எழும்பியது. மாமி ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தார். வண்டி நிற்கவில்லை. சர்ரென்று போய்விட்டது. ஆரத்தித் தண்ணீர் முழுக்கச் செம்மண்.

“நாலாவது ஆரம்பிச்சுட்டாரே,” என்றார் குருக்கள். “ரெட்டைப்படையில முடிக்கப்படாது. அஞ்சாவதுல நிறுத்தச் சொல்லுங்கோ.”

நல்ல யோசனையாகப் பட்டது. ஐந்தாவது சுற்று முடிகிற இடத்தில் சாலையோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். டக் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு இன்னும் வேகமாகப் போனார். பக்கத்து இருக்கையில் மாமா கும்பிட்ட கையை எடுக்காமலே இருந்தார். இப்போது அவர் ஜனங்களைக் கும்பிடவில்லை, நேராகப் பிள்ளையாரைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

'நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டாப் என்பதற்கு அர்த்தம் தாம்பரத்தில் மாட்டுக்குக்கூடத் தெரியும். பின்னாளில் நானே அவரிடம் கேட்டேன். “நாலு லாரி வச்சினுகீறவன் நானு. டிரைவராண்ட போயி, பயமா கீதுப்பா, நிறுத்துன்னு சொல்றதா? வெளிய பங்காளி வேற நிக்கிறான்” என்றார். உயிர் போனாலும் பங்காளி முன்னால் போகக்கூடாது.

ஆறாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கோமதி மட்டும்தான் நிதானமாக இருந்தாள். தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் சுற்றுக்கு ஒரு பூவாகக் கிள்ளிப் படியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“கெளம்பறப்ப அவர் உங்ககிட்ட என்னமோ சொன்னாரே, என்ன சொன்னார்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே விஷயத்தை டக் முதல் நாளே காரில் வரும்போது எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தார். உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஓட்டுகிறவன் சுற்றை எண்ண மாட்டான். எண்ணுவது வெளியே நிற்பவன் வேலை. முடிந்தது என்றால் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கொடியைக் காட்ட வேண்டும். அதைப் பார்க்கிற வரைக்கும் ஓட்டிக்கொண்டே இருப்பது அவருடைய தொழில் தர்மம். சாவி போடும்போதும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்: நீ எண்ணு, கொடி காட்டு, ஓகே? நான்தான் அவ்வளவு அழகாகத் தலையை ஆட்டியிருக்கிறேனே. இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டிப் பழகிய மனிதர். பெட்ரோல் டேங்க்கும் நிறைந்திருந்தது.

கட்டம் போட்ட துணிக்கு நான் எங்கே போவேன்? சுற்றிலும் பார்த்தேன். பட்டுப் புடவைகள், வெள்ளை வேஷ்டிகள். அப்போது தூரத்தில் லாரியில் சாய்ந்து நின்றுகொண்டு, பீடி பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் பக்கிரி கண்ணில் பட்டார். இடுப்பில் வெள்ளையில் கறுப்புக் கட்டம் போட்ட லுங்கி. தெய்வமே நேரில் வந்து பீடி பிடிப்பது மாதிரி இருந்தது.

ஓடிப்போய் லுங்கியைக் கேட்டேன். பக்கிரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அத்தக் குடுத்துட்டு நான் இன்னாத்த கட்டிக்கினு நிக்கறது?”

பேச நேரமில்லை. லாரிக்குப் பின்னால் போனோம். என் பட்டு வேஷ்டி அவர் இடுப்புக்குப் போனது, அவர் லுங்கி என் கைக்கு வந்தது. கட்டிக்கொள்ளவும் நேரமில்லை, வண்டி ஏழாவது சுற்றை முடிக்க வந்துகொண்டிருந்தது. ஒரே ஓட்டமாக ஓடிக் கோவில் வாசலில் நடுச்சாலையில் நின்று, லுங்கியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி வீசு வீசென்று வீசினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு உள் டிராயர் கடையில் வாங்க மாட்டார்கள். அம்மா வீட்டிலேயே தைத்துவிடுவாள். அந்த வருஷம் தலையணை உறை தைத்ததுபோக நிறையத் துணி மிஞ்சியிருந்தது. ரோஸ் நிறத்தில் பெரிய பெரிய பூ, நடுநடுவே பச்சை இலை. மேலே பட்டுச் சட்டை, கீழே பூந்தோட்டம். இந்தக் கோலத்தில்தான் நான் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் மூன்று ஊர் ஜனங்களின் முன்னால் குதித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வெற்றிலைத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மா மட்டும் பக்கத்தில் நின்றவரிடம், தையல் பிரியாமல் இருக்கிறதே என்று சொன்னதாகக் கேள்வி.

டக் கொடியைப் பார்த்துவிட்டார். ஆனந்தமாக ஹாரன் அடித்தார். வண்டி நின்றதா? நிற்கவில்லை. பந்தயத்தில் கொடி விழுந்ததும், வேகத்தைக் குறைத்து இன்னும் ஒரு சுற்று மெதுவாக வந்து, ஜனங்களுக்குக் கையாட்டிவிட்டுத்தான் நிறுத்துவார்களாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.) டக் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக ஒரு சுற்று வந்தார். அதற்குள் நான் லுங்கியை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். வண்டி வாசலில் வந்து நின்றது. மாமி ஓடிவந்து ஆரத்தி எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

கோமதி எட்டாவது பூவை வைத்தாள்.

“எட்டு,” என்றார் குருக்கள். “எட்டு ஆகவே ஆகாது. இன்னும் ஒண்ணே ஒண்ணு சுத்தி ஒன்பதாக்கிடுங்கோ.”

எல்லோரும் ஏகாம்பரம் மாமாவைப் பார்த்தோம். அவர் முகம் ஒரு மாதிரி வெளிறியிருந்தது. விபூதி எது, முகம் எது என்று தெரியவில்லை. இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். எட்டில் முடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஒருபக்கம், அந்த ஆளோடு இன்னொரு சுற்று என்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். டக் ஆர்வமாக பெல்ட்டைச் சரிபார்த்தார்.

நான் ஜன்னலில் தலையை விட்டு, ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, இதே இடத்தில் நில் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். டக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொடி காட்டுவாய் அல்லவா என்றார். கொடியைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடுவாராம், ஆனால் கொடி இல்லாமல் நிற்க முடியாதாம். பக்கிரியைத் தேடினேன். பட்டு வேஷ்டி கட்டிய ஜோரில் அவர் நாலு பேர் பார்க்கட்டும் என்று கேம்ப் ரோடு டீக்கடைக்கு நடந்தே போய்விட்டார்.

வேறு வழியே இல்லை. முதல் தடவையாவது ஜனங்கள் எதிர்பார்க்கவில்லை. இந்தத் தடவை எல்லோரும் நன்றாகப் பார்க்க வசதியாக நகர்ந்து நின்றுகொண்டார்கள். பின்னால் நின்றவர்கள் மனைக்கல்மேல் ஏறினார்கள். வண்டி கடைசி முனையைத் திரும்பியது. நான் ஒருமுறை கோமதியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்திருந்தாள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் போயிற்று, இனி குரோம்பேட்டைதான் என்று தோன்றியது. அந்த ஒரு நொடி எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. லுங்கியை அவிழ்த்து வீசினேன்.

வண்டி சரியாக வாசலில் நின்றது. ஒன்பது.

டக் இறங்கிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். (லுங்கியைக் கட்ட விடாமல் ரொம்ப நேரம் கட்டிப்பிடித்தார்.) அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷப் பந்தய வாழ்க்கையில் தானே ஆரம்பித்துத் தானே முடித்த வண்டி இதுதானாம். மாலை, தட்டு, கொடி, கைதட்டல் எல்லாம் மொத்தமாக இன்றுதான் கிடைத்ததாம். அதுவரை பாதிதான் விளங்கிய அவருடைய ஆங்கிலம் அன்றைக்கு எனக்கு முழுசாக விளங்கியது. கூட்டத்துக்கும் விளங்கியிருக்க வேண்டும், மறுபடி கைதட்டினார்கள்.

மாமாவை இரண்டு பேர் பெல்ட்டிலிருந்து விடுவித்து இறக்கினார்கள். அவர் ஒரு மனைக்கல்லின்மேல் உட்கார்ந்து ஒரு சோடாவைக் குடித்தார், இன்னொன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக டக்கைப் பார்த்தார்.

“இருவத்திநாலு மணி நேரம் இத்தியேவா பண்றாரு இந்த ஆளு?”

“ஆமாம் மாமா.”

“அவரு சம்சாரத்துக்கு ஒரு நல்ல பொடவையா எடுத்துக் குடுத்தனுப்பணும்.”

அடுத்து என் பக்கம் திரும்பினார். நான் லுங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோபமாகக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது என்னையில்லை, கோமதியை. “இன்னாம்மா சொல்ற? அந்த பேங்க் ஆபீசருக்கே சொல்லிடட்டா?”

பெண்ணிடம் இப்படி ஊர் நடுவில் சம்மதம் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஒன்பது சுற்றில் அவருக்கு வழக்கமெல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும். கோமதி எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“வேண்டாம்பா. இவர்கிட்ட இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த பேங்க் ஆபீசர்கிட்ட என்னென்ன இருக்கோ.”

அங்கேயே தட்டு மாற்றினோம். அந்தப் படம் இன்னும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. பட்டுச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக நான், பக்கத்தில் மாலையோடு ஓர் ஆஸ்திரேலியர். யார் கல்யாணம் என்று பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தப் பையனுக்கு வரன் வந்தாலும், சம்பளம், படிப்பு, குலம், கோத்திரம் எல்லாம் விசாரித்த பிறகு யாராவது ஒருத்தர், “அதெல்லாம் சரி, பூ டிராயர் தெரிஞ்சுதா?” என்று கேட்பார்கள். பையனுடைய உண்மையான குணம் வெளியே வந்ததா என்று அர்த்தம். வெளியாட்கள் இருக்கும்போது இதைக் கேட்கக் கூடாது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

போன வருஷம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். சிறுசேரியில் பெரிய சாப்ட்வேர் கம்பெனி. மடிப்புக் கலையாத சட்டை, அளந்து பேசுகிற பேச்சு, என்ன கேட்டாலும் சரியான பதில். எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. கோமதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்கு யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பையனுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. எங்கள் மகள் அவனிடம் போனில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள் போல. காபி டம்ளரைக் கீழே வைத்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான், காதெல்லாம் சிவந்துபோயிற்று.

“ஆன்ட்டி,” என்றான், “என்னோடதுல வாத்து போட்டிருக்கும்.”

கோமதி உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.